கலா ஆன்ட்டியின் இரண்டு ஏர்கான்கள்

எங்கள் தஞ்சோங் கிளிங் தாமான் குடியிருப்பில், எதிர்வீட்டுக் கலா ஆன்ட்டி இன்று காலை இரண்டு வீட்டாரோடு சண்டை போட்டுவிட்டார். காரணம் நான்.

"வீட்டுக்குள்ள ஏதோ ம்ம்ம்னு கேட்டுக்கிட்டே இருக்கு. யாரு வீட்டு ஏர்கான்னு பாரு தம்பி" என்று நேற்று ஒரு ரெக்கார்டிங் அனுப்பியிருந்தார்.

அதை ஃபூரியர் உருமாற்றத்தில் போட்டு, எந்த அதிர்வெண் ஓங்கி ஒலிக்கிறது என்று காட்டும் படத்தை அனுப்பிவைத்தேன். இடது ஓரத்தில் கூராக ஒரு முகடு. வலது ஓரத்தில் அதே உயரத்தில் இன்னொன்று.

ஆன்ட்டி அதை எங்கள் ஜாலானின் தெரு வரைபடமாகப் படித்துவிட்டார்.

"லெஃப்ட் வீட்டுல ஒரு ஏர்கான், ரைட் வீட்டுல ஒரு ஏர்கான். ரெண்டு பேரையும் நல்லா ஏசிட்டேன்லா!"

எந்த ஒலியைப் போட்டாலும், படத்தின் வலது பாதி இடது பாதியின் கண்ணாடி பிம்பம்தான். அதை வெட்டிவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

"ஆன்ட்டி, ரெண்டு பக்கமும் ஒன்னுதான். ஒரே சத்தம்."

"அப்ப லெஃப்ட் வீடுதான்!"

"ரெக்கார்டிங் எங்க வச்சு எடுத்தீங்க?"

"கிச்சன்லதான். ஃபோனை பிரிட்ஜ் மேல வச்சேன்."

இருவரும் கிச்சனுக்குப் போய் பிரிட்ஜை அணைத்தோம். சத்தம் நின்றது.

"ரெண்டு வீட்டுலயும் மன்னிப்பு கேட்டுருங்க ஆன்ட்டி."

"ஏன் ரெண்டு? ரெண்டு பக்கமும் ஒன்னுதான்னு நீதானே சொன்ன? லெஃப்ட்ல மட்டும் கேட்டா போதும்லா."

பதில் தெரிந்தவர்கள் சீக்கிரம் கமெண்டில் சொல்லுங்கள். ரைட் வீட்டு அங்கிள் இன்னும் கேட் அருகிலேயே நிற்கிறார்.