ஆவடித் தொட்டியின் நான்கு கால்கள்

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு நாக்கு எழாது, அதனால் எழுதுகிறேன்.

சண்டைக் காலத்தில் ஆவடியில் பட்டாளத்துக்காகக் கொட்டகைகள் எழும்பின. அங்கே ஒரு கான்டிராக்டரிடம் என் தங்கை புருஷன் மேஸ்திரி. அவர் குறி போடுவார். நான் டேப்பின் மறுமுனையைப் பிடிப்பேன். கூலியாட்கள் குடியிருப்புக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்றார்கள். அதற்கு நான்கு இரும்புக் கால்கள், அடிமுனையில் தகடு பற்றவைத்தவை. வரைபடத்தில் எல்லாத் துளைக்கும் காலின் அடிமுனையிலிருந்தே அளவு போட்டிருந்தது. துளைக்குத் துளை அளவு கிடையாது. தலைமுனையைப் பிறகு சீவிக்கொள்ளலாம் என்று ஒரு விரல் கூடுதலாக விட்டிருந்தோம்.

இரண்டு கால்களுக்குக் குறி போட்டானது. அப்போதுதான் மாப்பிள்ளை கவனித்தார்.

"இன்னா மச்சான், வடக்கால தல வெச்சிக் கெடத்திக்கீறீங்க? பொணமா இது? திருப்புங்கடா!"

மீதி இரண்டையும் திருப்பிப் போட்டார்கள். டேப்பை யாரும் இடம் மாற்றவில்லை. பழையபடி தெற்குப் பக்கத்து முனையிலிருந்தே இழுத்தோம். அந்த முனையில் இப்போது இருந்தது, ஒரு விரல் கூடுதலாக விட்ட தலை. மேலிருந்து பார்த்தாலும் கீழிருந்து பார்த்தாலும் துளை வரிசை ஒன்றுபோலவே இருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை.

நிறுத்தும்போது குறுக்குச் சட்டங்கள் சேரவில்லை. துளைகள் ஒரு விரல் தள்ளியிருந்தன. மாப்பிள்ளை துளைகளை அராவி நீளமாக்கி, போல்ட்டுகளை அடித்து இறக்கினார்.

"ரெண்டு கால வேற செஞ்சிடலாம் மாப்ளே," என்றேன்.

"இரும்பு இன்னா உன் ஊட்டுக் கொல்லையில காய்க்குதா? தொட்டி மேல ஏறப்போறது நான். உனக்கு ஏன் மச்சான் உதறுது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சண்டை முடிந்தது. கான்டிராக்டர் போய்விட்டார்; நாங்கள் குடியிருப்பிலேயே தங்கிவிட்டோம். தொட்டி நிற்கிறது. தினமும் காலையில் மாப்பிள்ளைதான் மேலே ஏறி வால்வைத் திறக்கிறார். தண்ணீர் நிரம்ப நிரம்ப, கால்களுக்குள்ளிருந்து பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் வருகிறது. மற்ற இடமெல்லாம் துருப்பிடித்திருக்க, அராவிய துளைகளின் ஓரம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது. தங்கையிடம் சொன்னேன். "நான் சொன்னா அது கேக்குமாண்ணா?" என்றாள்.

இன்று காலை அடியில், ஈர மண்ணில், முறிந்த போல்ட்டுத் தலை ஒன்று கிடந்தது. எடுத்துக் காட்டினேன். மாப்பிள்ளை அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.

விய வருஷம், ஐப்பசி 12.