வசந்தாமணி வீட்டுப் படகு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வசந்தாமணி போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். மகன் கௌதமன் சார்ஜாவில் படகு கட்டும் யார்டில் மரவேலை பார்க்கிறான். ஊருக்கு வந்து வருசக்கணக்காகிவிட்டது. "சாப்பிட்டியாம்மா? அப்பாவுக்கு முட்டிவலி எப்படியிருக்கு? சரிம்மா, வெச்சரட்டுமா?" அவ்வளவுதான் பேச்சு. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொல்வார்கள். அவன் மனம் கல்லில்லை என்று அவளுக்குத் தெரியும். ஓவர்டைம் முடித்துவந்து படுக்கிற பிள்ளையிடம் பேச்சு எங்கிருந்து வரும்? ஆனாலும் திரை அணைந்த பிறகும் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வசந்தாமணி ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகிப் புதுச்சத்திரம் வந்தாள். கணவர் செங்கோடன் நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் தச்சராக இருந்தவர். முட்டிவலி வந்து வேலையை விட்டுவிட்டார். வீட்டோடு இருக்கிற ஆம்பளை சீக்கிரமே குழம்பில் உப்புப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். இவரும் ஆரம்பித்தார்.

அப்படியொரு நாளில்தான் கௌதமன் போனில் ஒரு சின்னப் பாய்மரப் படகைக் காட்டினான். யாரோ ஒரு முதலாளி தன் பிள்ளைக்காகச் செய்யச் சொன்னதாம். செங்கோடனுக்கு உள்ளுக்குள் என்னவோ சீண்டிவிட்டது.

"இதென்ன கண்ணு பெரிய வித்தை? பத்துச் சக்கர வண்டிக்கே பாடி கட்டுனவன் நானு. இந்தத் தொட்டியக் கட்டமாட்டனா?"

"கட்டுங்கப்பா பாக்கலாம். முடிங்க, நான் வந்து தண்ணியில எறக்கறேன்."

அவன் விளையாட்டாகச் சொன்னான். அப்பா 'கட்டுங்க' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். அம்மா 'நான் வந்து' என்பதைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால் வேம்படியில் வேலை தொடங்கியது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் டீச்சராக இருக்கும் மகள் சௌந்தர்யா, தம்பி அனுப்பிய வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து வந்து பலகையில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தாள். செங்கோடன் அறுத்தார், இழைத்தார், திருகாணி முடுக்கினார். வசந்தாமணிக்கு முதல் வேலை போன் பிடிப்பது. மகன் அங்கிருந்து பார்த்துப் பார்த்துச் சொல்லவேண்டுமே.

"அப்பா, ஏனுங்க அடிப்பலகைக்கு நடுவால சந்து உட்டிருக்கறீங்க?"

"மழைத் தண்ணி வடியோணுமல்ல?"

"மழைத் தண்ணி வடியும். ஏரித் தண்ணி ஏறுமுங்கப்பா!"

லாரிக்காரப் புத்தி எங்கே போகும்? செங்கோடன் முணுமுணுத்துக்கொண்டே பலகைகளைப் பிரித்தார். வண்டியின் நெற்றியில் ஓனர் பிள்ளையின் பெயரை எழுதுகிற வழக்கத்தையும் விடவில்லை. படகின் மூக்கில் சிவப்புப் பெயிண்டில் 'கௌதமன்' என்று எழுதினார். அது மகனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அழிக்கச் சொல்லவில்லை.

அந்த மாதங்களில் அவன் பேசிய பேச்சு! வாரத்தில் ஒரு நாள் என்பது போய், தினமும் கூப்பிட்டான். ஆணியைக் காட்டு, பசை காய்ந்ததா காட்டு என்பான். நடுவில் தன் ரூமில் வைத்த ரசத்தைப் பற்றிச் சொல்வான், பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டையைப் பற்றிச் சொல்வான். அவளுக்குக் கை கடுக்கும். மாற்றிப் பிடித்தால் எங்கே லைன் கட்டாகிவிடுமோ என்று அசையாமல் நிற்பாள்.

பாய் மட்டும் அவள் பொறுப்பு. ராசிபுரத்தில் அண்ணன் தறியில் கனமான பருத்தித் துணி நெய்து வாங்கி, தானே தைத்தாள். தைத்ததோடு விட்டிருக்கலாம். கஞ்சி போடாத துணியை வாசல் தாண்ட விடுவதா என்று தறிக்கார ரத்தம் கேட்டது. கெட்டியாகக் காய்ச்சி, நனைத்து, வெயிலில் காயவைத்தாள். பாய் முறம் மாதிரி விறைத்து நின்றது.

அந்த வருசம் மழை நன்றாகப் பெய்து பக்கத்து ஏரி நிறைந்திருந்தது. மகனுக்கு லீவு இன்னும் கிடைக்கவில்லை. சும்மா மிதக்கிறதா என்று மட்டும் பார்ப்போம் என்று டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். செங்கோடன் இழுக்கக்கூடாத கயிற்றை இழுத்தார். பாய் அப்படியே தண்ணீரில் விழுந்தது. கஞ்சி கரைந்து ஏரி வெளுத்தது. எங்கிருந்தோ கெண்டைக் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாக வந்து பாயை மொய்த்தன. சௌந்தர்யா சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள்.

"ஏம்மா, மீனுக்கெல்லாம் விருந்தா?" அதைப் பார்த்துவிட்டுப் போனில் கூப்பிட்ட கௌதமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அவன் விமானம் ஏறியதற்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவள் கேட்டதே இல்லை. இன்னும் பத்துப் பாய்க்குக் கஞ்சி போடலாம் என்றிருந்தது அவளுக்கு.

கஞ்சியை அலசிவிட்டு மறுபடி போனார்கள். இந்தத் தடவை காற்று பாயில் நிறைந்தது. செங்கோடன் ஏரியைச் சுற்றிவந்து கரையேறி, அடிப்பலகையை உள்ளங்கையால் தடவிக் காட்டினார். "பாரு புள்ள, சொட்டுத் தண்ணி உள்ள வரல!" பட்டறையில் எத்தனையோ வண்டி கட்டியவர், இப்படி ஒருநாளும் மார்தட்டிக்கொண்டதில்லை.

மகனும் போனில் பார்த்தான். "சூப்பருங்கப்பா. இனி ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"லீவு என்னாச்சு சாமி?"

"இந்த வருசம் கஷ்டம்மா. அதான் நீங்களே எறக்கிட்டீங்கல்ல?"

அடுத்த ஞாயிறு, சாப்பிட்டியாம்மா, முட்டிவலி, வெச்சரட்டுமா. அதற்கடுத்த ஞாயிறும் அதுவே. வசந்தாமணிக்கு அந்தப் படகின்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு குறையும் இல்லாமலா போய்த் தொலையவேண்டும்?

பிறகொரு ஞாயிறு, போன் வருகிற நேரத்துக்கு, அவள் ஒரு சொம்புத் தண்ணீரை வேம்படிக்குக் கொண்டுபோய்ப் படகுக்குள் ஊற்றினாள். திரும்பினால் பின்னால் செங்கோடன்.

"என்ன புள்ள பண்ற?"

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனைப் படகுக்குள் காட்டினாள். "சாமி, நேத்து ஏரிக்குப் போனமா, படகுல தண்ணி ஏறிப்போச்சு."

"அய்யய்யோ, எந்தப் பக்கம்மா? கிட்டக் காட்டு. மூக்குக்கிட்டயா? அப்பா எங்க?"

செங்கோடன் போனை வாங்கிக்கொண்டார். சொட்டுத் தண்ணி வரல என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுசன். வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமா கண்ணு," என்றார் செங்கோடன். "என் வேலைதான் சரியில்ல. எங்க உட்டுப்போச்சுன்னு பிடிபடல. நீ வந்து பாத்தாத்தான் ஆகும்."

கௌதமன் நெடுநேரம் பேசினான். சந்துகளில் பஞ்சுத் திரி வைத்து அடைத்துப் பார்க்கச் சொன்னான். லீவு கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னான். நாளைக்கு மறுபடி காட்டுங்கள் என்று சொல்லித்தான் வைத்தான்.

செங்கோடன் போனை அவளிடம் கொடுத்துவிட்டுப் படகுக்குள் எட்டிப்பார்த்தார். பாதித் தண்ணீர் அதற்குள் பலகையில் ஊறி வற்றிவிட்டிருந்தது.

"நாளைக்குச் சொம்பு பத்தாது புள்ள," என்றார். "குடத்துல ஊத்து."