பத்தொன்பதாவது இடம்

பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்குப் பதினாறு வருட சர்வீஸ். முகம் தெரியாதவர்களின் வாய்க்கு மெழுகில் பல் வரிசை கட்டுவது வேலை. அதனால் சைக்கிள் பந்தயத் தோழிகள் அவளைப் பல்லக்கா என்றார்கள். பல்லக்கில் போகிற நினைப்பு வேறு என்று கிண்டலும் செய்தார்கள். நினைப்பு பெரிதாகத்தான் இருந்தது.

தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் பயிற்சி முகாமில் நுழைந்தே தீருவது என்று முப்பத்தாறு வயதில் ஒற்றைக் காலில் நின்றாள். நாற்பது கிலோமீட்டர். ஒவ்வொருவராகக் கிளப்பிவிட்டு நேரத்தைக் குறிப்பார்கள். முதல் ஐந்து பேருக்கு முகாம். அவளுடைய பழைய நேரம் ஒரு மணி ஒன்பது நிமிடம். ஏழு நிமிடம் குறைத்தால் இடம் கிடைத்துவிடும் என்று நம்பினாள். இரண்டு வருடம் விடியுமுன் எழுந்து ஓட்டினாள். நல்லது கெட்டது எதற்கும் சொந்தக்காரர் வீட்டில் தலைகாட்டவில்லை. கணவன் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவன். முதல் முப்பது பேருக்குள் வந்தாலே பெரிய விஷயம்தானே என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தான். அன்று முழுக்க அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பந்தயத்தன்று காற்றில்லை. சங்கிலி கழலவில்லை, கால் பிடித்துக்கொள்ளவில்லை. கடைசி ஐந்து கிலோமீட்டரை உயிரைக் கொடுத்து மிதித்தாள். ஒரு மணி ஐந்து நிமிடம் நாற்பது செகண்ட். வாழ்நாளில் அவள் ஓட்டியதிலேயே சிறந்த ஓட்டம். பட்டியலில் பத்தொன்பதாவது இடம். ஐந்தாவதாக வந்த பெண் அவளைவிட ஐந்தரை நிமிடம் முன்னால் முடித்திருந்தாள்.

கைப்பிடியை அழுத்திப் பிடித்ததில் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஹெல்மெட் வாரைக் கணவன்தான் கழற்றிவிட்டான்.

"டயர்ல ஏதாவது கோளாறா?"

"இல்ல. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

டயர் என்று சொல்லியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபித்துக்கொள்ள ஒரு பொருள் கிடைத்திருக்கும். காரில் வீடு திரும்பும்போது பின் சீட்டில் இருந்த பதினோரு வயது மகள் கேட்டாள்.

"அப்போ உன்னால முடிஞ்சதே அவ்வளவுதானாம்மா?"

அவன் கண்ணாடி வழியாக மகளை முறைத்தான்.

"ஆமா, அவ்வளவுதான்" என்றாள் அவள். சொன்னதும் உள்ளே ஏதாவது உடையும் என்று காத்திருந்தாள். ஒன்றும் உடையவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடைகள் போய்க்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை வேலைக்குப் போய், முகாமுக்காகக் கேட்டிருந்த மூன்று வார லீவு வேண்டாம் என்றாள். நல்லதாப் போச்சு, பன்னிரண்டு செட் தேங்கிக் கிடக்கிறது என்றார் முதலாளி. சொன்னது உறுத்தியதோ என்னவோ, அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் தலையாட்டிவிட்டு மெழுகைச் சூடாக்கினாள். அந்த வாரம் முழுக்க சுண்டுவிரலில் உணர்ச்சியில்லை. சுட்டுக்கொண்டது கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. ஆறுதல் சொல்லத் தயாராக வந்த தங்கை, கடைசியில் தன் மாமியாரைப் பற்றிப் புலம்பிவிட்டுப் போனாள். சைக்கிள் கைப்பிடியில் மகள் ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தாள். முன்பென்றால் வீடு இரண்டுபட்டிருக்கும். இப்போது பார்த்துவிட்டுக் கடந்து போனாள்.

நான்காவது வாரம் மறுபடி ஓட்டினாள். வைராக்கியமெல்லாம் இல்லை. உடம்பு பழைய நேரத்துக்கே விழித்துக்கொண்டது, அந்த நேரத்தில் செய்ய வேறு வேலையில்லை. பாலம் வரை போய்த் திரும்பினாள்.

அடுத்த பந்தயத்தின் படிவம் வந்தபோது, முப்பத்தைந்து தாண்டியவர்கள் பிரிவில் குறியிட்டாள். சாய்வு நாற்காலிப் பந்தயம் என்று அவளே நக்கலடித்த பிரிவு. எதிர்பார்க்கும் நேரம் என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, ஒரு மணி ஐந்து நிமிடம் என்று எழுதினாள்.

கணவன் எட்டிப் பார்த்தான். "நாப்பது செகண்ட்தானே குறையுது?"

"அதுக்கே ஒரு வருஷம் ஆகும்" என்றாள்.

அவள் படிவத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, மகளின் பள்ளிச் சீருடையைத் துவைக்கப் போனாள்.