கரையிலிருந்து ஜீப்பை இறக்கியவன்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் திருத்துறைப்பூண்டியில் இரண்டு அரிசி ஆலை கட்டினேன். அறுவடை இயந்திரம் வாங்கி வாடகைக்கு விட்டேன். மகளை டாக்டராக்கினேன். இதெல்லாம் ஊருக்கே தெரியும். எனக்குப் பெருமை என் கொட்டகைதான். ஏலத்தில் எடுத்த மூன்று ஜீப், இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத சிவப்புக் கார் ஒன்று. எல்லாம் கையால் கியர் போடுகிற வண்டிகள். அந்தக் காரில் கோடியக்கரைக்குப் போனால் உப்புக்காற்று முகத்தில் அறையும். மூன்றிலிருந்து நாலுக்குத் தள்ளும்போது கியர் உள்ளங்கைக்குள் வந்து உட்காரும் சுகம் என் மகனுடைய தானியங்கிக் காரில் கிடையாது.

இந்தக் கிறுக்குப் பிடிக்க வைத்தது என் தாய்மாமாவின் ஜீப். அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் மாமா வீட்டில்தான் இருந்தோம். மாமா பெரிய மிராசு. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த அந்த ஜீப்புக்குச் சாவி போட்டால் இன்ஜின் பிடிக்காது. சரிவில் உருட்டித்தான் கிளப்ப வேண்டும். எங்கள் ஊரில் சரிவுக்கு எங்கே போவது? எங்கு பார்த்தாலும் வயல், தட்டையாகக் கிடக்கும். ஆகவே முள்ளியாற்றின் கரைமேல் நிறுத்திவைப்பார். முகம் ஊரைப் பார்த்து, முதுகு ஆற்றைப் பார்த்து. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை எடுப்பது என் வேலை. வண்டி சும்மா நிற்கும் பொழுதெல்லாம் ஏறி உட்கார்ந்து, கிளட்சை மிதித்துக் கியர் போட்டுப் பழகினேன்.

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது ஒரு கார்த்திகையில் மழை விடவே இல்லை. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. அந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் ஊரின் மொத்தச் சம்பா நடவு. ஒரு நாள் காலையில் ஜீப்பின் பின்சக்கரத்தை ஒட்டிக் கரை வெடித்திருந்தது. ஊரே கூடிவிட்டது.

"வண்டி கனத்துல கரை உக்காருதுங்க. எடுத்தாதான் மணல் மூட்டை அடுக்க முடியும்" என்றார் மடை பார்க்கிறவர்.

"எடுக்கலன்னா ஆத்துலயே தள்ளிருவோம். அப்பறம் மீனு ஓட்டட்டும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மாமா ஏறி உட்கார்ந்தார். திரும்பி ஆற்றைப் பார்த்தார். இறங்கிவிட்டார்.

"மாப்ள, நீ ஏறு. நான் கனம், நீ லேசு. கரை தாங்கும்."

"நான் ஓட்டுறேம்ப்பா" என்று அவர் மகன் முன்னால் வந்தான். என் வயதுதான், என்னைவிட ஒல்லி. "நீ சும்மா இருடா" என்று அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார் மாமா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சொந்த மகனை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாரே. சீட்டின் நுனியில் உட்கார்ந்து, கிளட்சை மிதித்து இரண்டாவது கியரில் போட்டேன். மடைக்காரர் கல்லை எடுத்தார். பின்னால் மண் சரிவது கேட்டது. வண்டி உருண்டதும் கிளட்சை விட்டேன். உதறிக்கொண்டு இன்ஜின் பிடித்தது. பிரேக் போட்டால் சேற்றில் வழுக்கிக் கவிழும் என்று தெரியும். அதைத் தொடாமல் கியரின் பிடியிலேயே இறக்கிக் களத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். உடனே மூட்டையும் வைக்கோலும் போட்டு அடைத்தார்கள். கரை நின்றது. சம்பாவும் தப்பியது.

வீட்டுக்கு ஓடினேன். விஷயம் எனக்கு முன்பே போயிருந்தது. அம்மா கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"ஒன் மாமா மகன் எங்கடா நின்னான்?"

"மாமா கையப் புடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தாம்மா" என்றேன், ஜெயித்துவிட்ட மிதப்பில். அதன் பிறகு அவள் மாமாவுக்குச் சோறு பரிமாறி நான் பார்க்கவில்லை. என் பெருமை அவளுக்குப் பொறுக்கவில்லை என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன்.

சொந்தமாக ஜீப் வாங்கிச் சேற்றில் மாட்டி, ஆள் வைத்துத் தள்ளிய அன்றுதான் உறைத்தது. ஒரு டன் வண்டியில் பையன் உட்கார்ந்தால் என்ன, பெரியவர் உட்கார்ந்தால் என்ன? கரைக்கு எல்லாம் ஒன்றுதான். லேசான ஆள்தான் வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஒருவன் நின்றான். போனால் போகட்டும் என்று விடக்கூடிய பிள்ளை நான் ஒருவன்தான் அங்கே இருந்தேன்.

இப்போது மாமாவின் பேரன் அந்த ஜீப்பைப் பளபளவென்று ஆக்கி வாசலில் நிறுத்தியிருக்கிறான். 'இதை ஓட்டி ஆற்றுக்கரையைக் காத்தவர் எங்கள் தாத்தா' என்று பித்தளைப் பலகை வேறு. கேட்டால், "வண்டி தாத்தாவோடதுதானே மாமா" என்கிறான்.

வண்டி அவருடையதுதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓட்டியவன் நான். அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு என் பெயரைப் போட வேண்டும். தங்கை மகன் ஓட்டினான், தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் கீழே நின்றார் என்று, இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.