பின் சீட்டில் பைகள்

மலேசியாவில், கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவள் நான். பையன்கள் எப்போது படிப்பை விடுகிறார்கள் என்று என் வேனின் பின் சீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவர்களுக்கு அதுதான் இடம். இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான ஒன்றாம் படிவத்தில் இடித்துத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தவர்கள், மேலே போகப் போக ஒவ்வொருவனாகக் கழன்றுகொண்டார்கள். ஒருவன் லோரியில் ஏறினான், ஒருவன் சிங்கப்பூருக்குப் போனான், ஒருவன் மோட்டாரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் வந்தபோது வேன் முழுக்கப் பெண் பிள்ளைகள். காலியான பின் சீட்டில் பைகளை அடுக்கிக்கொண்டார்கள். மிஞ்சிய ஒரே பையன் என் மகன். அவன் முன்னால் எனக்குப் பக்கத்தில் உட்காருவான்.

அந்தப் பெண்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். விடியும் முன்பே பக்கத்து ஊரான காப்பாரில் குளித்துப் பின்னல் போட்டுத் தயாராக நிற்பார்கள். என் ஹாரனுக்கு வேலையே இல்லை. ஒருத்தி பாடத்தில் கேள்வி கேட்பாள், அடுத்தவள் பதில் சொல்வாள், தப்பானால் எல்லாரும் "ஐயோ பாவம்!" என்று கத்துவார்கள். பள்ளி வரும்வரை ஓயாது. கேட்டுக் கேட்டு எனக்கே பாதிப் பொருளாதாரம் மனப்பாடம். என்ன பெண்கள்! சுற்றிப் போட வேண்டும்.

ஒரு நாள் காலை, காப்பாரில் அவர்களை ஏற்றிக்கொண்டு, வழக்கம்போல் மகனை ஏற்ற எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவன் கைலியோடு கிரில் கதவுக்குப் பின்னால் நின்றான்.

"நீங்க போங்கம்மா. எனக்குப் படிப்பு வேணாம். கூட்டாளிங்க எல்லாம் சம்பாதிக்கிறானுங்க. கிளாஸ்ல நான் ஒருத்தன் மட்டும் என்ன பண்றது? சுங்கை பூலோ வொர்க்‌ஷாப்புல கேட்டுட்டேன், இன்னைக்கே வரச் சொல்லிட்டாங்க."

திட்டினேன், கெஞ்சினேன், செருப்பைக்கூடக் கையில் எடுத்தேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றான்.

அப்போது வேனிலிருந்து அந்தப் பெண்களிலேயே பெரிய வாயாடி இறங்கினாள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டுநரின் மகள். காய்ச்சலோடும் பள்ளிக்கு வருகிறவள், ஒரு நாளும் தாமதமானதில்லை.

"ஆன்டி, இஞ்சின ஆஃப் பண்ணுங்க. இவன் வராம நாங்க போகல."

"ஸ்கூல் கேட்ட சாத்திருவாங்க லா! லேட்டுன்னு பேர எழுதுவாங்க!"

"எழுதட்டும் ஆன்டி."

நேராகக் கதவருகே போனாள். "டேய், எங்கெங்கயோ நாட்டுல பொண்ணுங்கள பள்ளிக்கூடத்துக்கு விடாம வீட்டுல பூட்டி வைக்கிறாங்க. ஒன்ன யாருடா பூட்டினா? சாவி ஒன் கையிலதான இருக்கு?"

திரும்பி வந்து பின் சீட்டிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் அவரவர் பையை எடுத்தார்கள். சீட் காலியானது. பிறகு கேள்வி பதில் ஆரம்பமானது, தெருவுக்கே கேட்கும்படி. ஒரு சுலபமான கேள்விக்கு வரிசையாக எல்லாரும் தப்பாகச் சொன்னார்கள். வேண்டுமென்றேதான், கழுதைகள்! பொறுக்க முடியாமல் கிரிலுக்குப் பின்னாலிருந்து என் மகன் சரியான பதிலைக் கத்தினான்.

அவன் பள்ளிச் சீருடையை மாட்டிக்கொண்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளி கேட் சாத்தியிருந்தது. காவலாளி எல்லார் பேரையும் எழுதினார். வாயாடி தன் பேரைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான்தான் ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அழுதேன்.

இப்போது அவளும் என் மகனும் வேறு வேறு பல்கலைக்கழகத்தில். "இங்கயும் பொண்ணுங்கதாம்மா ஜாஸ்தி" என்கிறான் போனில். என் வேனில் புதுப் பிள்ளைகள். பின் சீட் இந்த வருடமும் காலியாகிக்கொண்டுதான் வருகிறது. ஆனால் அங்கே பை வைக்க நான் யாரையும் விடுவதில்லை.