காதர் நானா கடைக் கப்பல்

போர்டு எழுதுறவன் வேலை படம் போடுறதோட சரி; அதுக்கு அர்த்தம் போடத்தான் ஊரே இருக்கே! தூரிகை பிடிச்சு வயித்தைக் கழுவினவங்களுக்கு என் வலி புரியும். எழுபதுகள்ல ரிங்லெட்ங்கிற மலையூர்ல எனக்கு அதுதான் தொழில்.

நானா கேட்ட படம்

காதர் நானா அடிவாரத்துத் தாப்பாவிலேருந்து மலையேறி வந்து மெயின் ரோட்டுல சாப்பாட்டுக் கடை போட்டார். தேயிலைத் தோட்டத்து ஜனங்களை நம்பித்தான் போட்டார். அவங்க வரலைன்னா மூட்டை கட்டிடுவேன்னு முதல் நாளே சொல்லிட்டார். காகிதத்துல தானே ஒரு பாய்மரக் கப்பலைக் கிறுக்கி, அதைப் பலகையில போடச் சொன்னார். மலைமேல கப்பல் எதுக்கு, ஒரு கோழி போடலாமேன்னேன். வந்ததே கோபம்! "எங்க வாப்பா தோணி ஓட்டுனவரு. நான் என்ன கோழிக்கா பொறந்தேன்? கப்பலைப் போடு!"

கிராணி பார்த்த கப்பல்

பலகை மாட்டின மறுநாளே தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி மோட்டார் சைக்கிளை நிறுத்திட்டு என்னைக் கூப்பிட்டார். எலக்ஷன் நேரம் வேற. போன தடவை ஆளுங்கூட்டணிக்குச் சின்னம் கப்பல், இந்தத் தடவை தராசுன்னு மாத்தியிருந்தாங்க. எனக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம்? "போன எலக்ஷன் சின்னத்தை இந்த எலக்ஷனுக்குப் போட்டிருக்கியே, ரெண்டு பக்கத்து ஆளும் ஒண்ணா சேர்ந்து உதைப்பான் லா!"

தவுக்கே பார்த்த கப்பல்

பக்கத்து லெம்பா பெர்த்தாம்ல காய்கறித் தோட்டம் போட்டிருந்த சீன முதலாளி, தவுக்கே ஒருத்தர், நேரா சமையல்கட்டுக்குள்ள போய் ஒவ்வொரு சட்டியா மூடியைத் திறந்து பார்த்தார். ஆட்டுக்கறி, கோழி, பருப்பு. நானா பல்லைக் கடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்தார். தவுக்கே விடலை. "மீன் இல்லையா? அப்ப படகு எதுக்கு லா?"

முனியம்மா பார்த்த கப்பல்

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற விஷயம். ஆனா தோட்டத்துப் பொம்பளைங்க டவுனுக்கு வந்தா, கடையைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் கால்வாய் ஓரமா ஒதுங்கிப் போனாங்க. கறி சட்டியிலேயே கிடந்தது. நானா கிளம்பிட்டார்னா என் போர்டு ராசியில்லைன்னு பேராயிடும், அப்புறம் எவன் கூப்பிடுவான்?

கொழுந்து பறிக்கிற கூட்டத்துக்கு முன்னால நடக்குற முனியம்மா அக்காவையே ஏன் ஒதுங்குறீங்கன்னு கேட்டுட்டேன். அவங்க அடையாள அட்டை சிவப்பு ஐசி, குடியுரிமை கிடைக்கல. அந்த அட்டை வெச்சிருந்த எத்தனையோ பேர் வேலை பர்மிட் இல்லாம கப்பலேறி இந்தியா போயிட்டாங்க. நானா கடையிலதான் அந்தக் கப்பலுக்கு ஆள் அனுப்பப் பேர் எழுதுறாங்கன்னு லயத்து வீடு முழுக்கப் பேச்சாம்.

"அக்கா, அது பாய்மரக் கப்பல்"னேன்.

"கப்பல்னா கப்பல்தான். என் தங்கச்சியை ஏத்திவிட்டுட்டு அழுதவ நான். சும்மாவா அதோட மூஞ்சியைக் கப்பலேறப் போற வழியில, கீழே தாப்பா பக்கம் திருப்பி வெச்சிருக்க?"

திருப்பின கப்பல்

நேரா கடைக்கு ஓடினேன். நானாகிட்ட சொன்னேன். கத்துவார்னு பார்த்தா, ஏணியைக் கொண்டுவந்து அவரே பிடிச்சுக்கிட்டார். கப்பலை அழிச்சு, மூஞ்சி மலைப்பக்கம் பார்க்குற மாதிரி மறுபடி எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை முனியம்மா அக்கா எதிர்ப்பக்கம் நின்னு ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தாங்க. அப்புறம் விடுவிடுன்னு ரோட்டைத் தாண்டினாங்க, பின்னாலேயே மொத்தக் கூட்டமும். பெஞ்சில உட்கார்ந்து முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டாங்க. "இது எங்கப்பன் இங்கே வந்த கப்பல். தேத்தண்ணி போடு நானா, சீனி தூக்கலா!"

அன்னையிலேருந்து எந்தப் படம் போட்டாலும் அழகா இருக்கான்னு நான் பார்க்குறதில்லை, மூஞ்சி எந்தப் பக்கம்னுதான் முதல்ல பார்க்குறேன்.