ஒன்பது மணிக்கு முந்தைய கடைத்தெரு

1. முக்காலி

முதல் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பழைய கடைத்தெருவில் முக்காலியை விரித்து, அதன் மேல் டோட்டல் ஸ்டேஷன் என்கிற அளவுக் கருவியை மாட்டி, மட்டம் காட்டும் குமிழியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது.

"சார், அது என் எடம். செத்த தள்ளிப் போடுங்க."

சர்வேக் கருவியைக் கண்டால் ஜனங்கள் பயந்து ஒதுங்குவார்கள். வீடு போகுமோ, வாசல் போகுமோ என்று மெதுவாக விசாரிப்பார்கள். தள்ளிப் போடச் சொன்னவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். எனக்கு எரிச்சல் வந்தது.

"பாயிண்ட் இங்கதாம்மா வரும். பத்து நிமிசம் பொறுத்துக்கோங்க."

"பத்து நிமிசத்துல என் யாவாரம் போயிரும். கல்யாண வீட்டுச் சமையக்காரரு நிக்காரு பாருங்க."

நிஜமாகவே ஒருவர் டிவிஎஸ் வண்டியை ஆஃப் செய்யாமல் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வாழை இலைக் கட்டுகள், வ. புதுப்பட்டித் தோட்டத்து இலை. முக்காலியை நான்கடி தள்ளிப் போட்டேன். அந்தப் பெண் பேச்சியம்மாள். வன்னியம்பட்டிக்காரர். மூடிக் கிடந்த ஒரு கடையின் படியில் இலைகளைப் பரப்பிவிட்டு, அப்புறம்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஊர் நடுவில் இருக்கிற பழைய கடைத்தெருவை இடித்துப் புதுப்பிக்க ஒரு திட்டம். அதற்கு வரைபடம் போடும் கன்சல்டன்சியில் நான் சீனியர் சர்வேயர். வீடு ராஜபாளையம். டிப்ளமோ முடித்த நாளிலிருந்து சங்கிலி, தியோடலைட், டோட்டல் ஸ்டேஷன் என்று தெருத் தெருவாக அளந்தே காலம் போயிற்று. கடைத்தெருவை அளப்பதென்றால் கூட்டம் வருவதற்கு முன்னால் அளக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் கருவிக்கும் எதிரே கம்பில் நிறுத்துகிற பிரிசக் கண்ணாடிக்கும் நடுவில் யாராவது நின்று பல் குத்திக்கொண்டிருப்பார்கள். அதனால் பதினைந்து நாள் முதல் பஸ்ஸில் போனேன். அந்தத் தெரு ஒன்பது மணிக்கு முன்னால் எப்படி இருக்கும் என்று எங்கள் டீமில் பார்த்த ஒரே ஆள் நான்.

பாதிக் கடைகளின் வாசலில் காலையில் வேறு ஆள் இருந்தார். பாத்திரக்கடைப் படியில் கீரை. மூடிய ஜவுளிக்கடை முன்னால் பூ. பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தது சிக்கந்தர் பாய் கடைப் படியில். பாய் குடை, பை, சூட்கேஸ் ரிப்பேர் செய்பவர். கடை திறப்பது பத்து மணிக்கு. பேச்சியம்மாள் ஒன்பதுக்கெல்லாம் இலையை விற்று முடித்து, வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்துவிட்டுப் போய்விடுவார். அவருடைய சாக்கும் கத்தியும் பாய் கடைக்குள்தான் இருக்கும். பூட்டின் இன்னொரு சாவி அவர் முந்தானையில் இருந்தது. வாடகையும் கிடையாது, எழுத்தும் கிடையாது. பதினேழு வருடமாக அப்படியே நடந்துவந்தது.

அந்தப் படியையும் நான் அளந்தேன். சாக்கடை மேல் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருந்தது. டிராயிங்கில் 'ஆக்கிரமிப்பு, அகற்றப்பட வேண்டியது' என்று குறித்தேன்.

2. ஒரு கதவு, ஒரு பெயர்

புதுக் கடைகளை ஒதுக்குவதற்காகக் கடைக்காரர்களின் விவரம் எடுக்கிற டீம் தனி. டேப்லட்டும் கையுமாக மதுரையிலிருந்து காரில் வருவார்கள். வந்து சேரும்போது பதினொன்றாகிவிடும். டேப்லட்டில் இருந்த ஆப்பில் ஒரு கதவுக்கு ஒரு பெயர். திறந்த ஷட்டர் முன்னால் அந்த ஆளை நிறுத்திப் போட்டோ எடுத்தால்தான் அடுத்த பக்கத்துக்கே போகும்.

சிக்கந்தர் பாய் கடையில் வேலை நின்றுபோனது. இரண்டு பெயர் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று பாய் சொல்லிவிட்டார். டீம் லீடர் நவீன் எனக்குப் போன் செய்தார்.

"சார், நீங்கதான் லோக்கல் ஆளு. வந்து பேசி முடிங்க."

போனேன். பாய் ஒரு சூட்கேஸ் ஜிப்பைக் கோத்துக்கொண்டே பேசினார்.

"காலையில பேச்சியம்மா, பத்து மணிக்கு மேல நான். ஊருக்கே தெரியும். ரெண்டு பேரயும் எழுதச் சொல்லுங்க சார்."

"ரெண்டு பேர் போட்டா தகராறு கேஸ்னு தனியா எடுத்து வச்சிருவாங்க பாய். ஒங்க கடையும் சேந்து நிக்கும்."

"தகராறே இல்லயே சார். இம்புட்டு வருசத்துல ஒரு வார்த்த வந்தது கெடயாது."

"அது ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆப்புக்குத் தெரியுமா? கடை ஒங்களுக்கு வந்தா, வாசல் அவுகளுக்கு வராமயா போயிரும்?"

பாய் சூட்கேஸைக் கீழே வைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஃபார்மில் 'வேறு எவரும் இவ்விடத்தில் தொழில் செய்யவில்லை' என்று பொடி எழுத்தில் அச்சடித்த வரிக்குக் கீழேதான் கையெழுத்து. அந்த வரியை நான் அவருக்குச் சுட்டிக் காட்டவில்லை.

அன்று சாயங்காலம் நவீனிடம் காலை வியாபாரிகளைப் பற்றிச் சொன்னேன். "ஒரு நாள் ஆறு மணிக்கு வந்து பாருங்க தம்பி" என்றேன்.

"மதுரையிலருந்து ஆறு மணிக்கா? நம்ம ஸ்கோப்ல அது இல்லயே சார். டேட்டாவுல இல்லாத ஆள நான் பிளான்ல எங்க உக்கார வைக்கிறது?"

டேட்டாவில் சேர்த்தால் டேட்டாவில் இருப்பார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எழுத்தில் ஒரு குறிப்பாவது கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. அடுத்த வேலை ராஜபாளையத்தில் வரப்போவதாகப் பேச்சு. என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்த டீமில் யார் யார் என்று முடிவு செய்வது நவீன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் காரணம் இதுதான்.

3. படத்தில் இருந்தவர்

சில மாதம் கழித்துத் தெரு முக்கில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள். புதுக் கடைத்தெரு எப்படி இருக்கும் என்கிற படம். பளிச்சென்று கல் பாவிய நடைபாதை, ஒரே அளவில் ஷட்டர்கள், செடித் தொட்டிகள். படத்தின் முன்பக்கம் இலைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பேச்சியம்மாள் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் நான் ரெக்கார்டுக்காக எடுத்து குரூப்பில் போட்ட போட்டோ அது. படம் செய்தவர் அவரை வெட்டி எடுத்து ஒட்டிவிட்டார். மண்வாசனை வேண்டுமாம்.

ஃபிளெக்ஸ் பக்கத்திலேயே நோட்டீஸும் ஒட்டியிருந்தது. ஆட்சேபணை இருப்பவர்கள் பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் கொடுக்கலாம், கொடுத்தவர்களைக் கூட்டத்துக்கு அழைத்து நேரில் விசாரிப்பார்கள். பாய் அதை வரிவரியாகப் படித்துவிட்டுப் பேச்சியம்மாளை மனுப் போடச் சொல்லியிருக்கிறார். பேச்சியம்மாள் டீக்கடையில் என்னைப் பிடித்தார்.

"சார், படத்தப் பாத்தீயளா? எம் மருமவன் கேக்கான், மாடலிங் போயிட்டீயளா அத்தேன்னு."

நானும் சிரித்தேன்.

"பாய் மனுப் போடச் சொல்லுதாரு. எழுதக் கொள்ள ஒரு நா யாவாரம் போயிரும். நாந்தான் படத்துலயே இருக்கேன்லா. பொறவும் போடணுமா?"

தரைத்தளத்தின் பிளானை இறுதி செய்தவன் நான். பாய் கடைப் படி இருந்த இடத்தில் செடித் தொட்டி வருகிறது. தெருவின் இரண்டு முனையிலும் இரும்பு கேட். கேட் திறக்கிற நேரம் காலை ஒன்பது என்று பராமரிப்புக் குறிப்பில் அடித்ததும் என் கைதான். இவ்வளவும் தெரிந்துகொண்டு அந்த முகத்தைப் பார்த்தேன். இப்போது சொன்னால் ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்பார். பாய் கேட்பார். விஷயம் நவீன் வரைக்கும் போகும்.

"அதான் இருக்கீங்கள்ல. பொறவு என்ன" என்றேன்.

அவர் டீக்குக் காசு கொடுக்க வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அந்த அளவு மானம் மட்டும் இருந்தது.

4. கேட்டுக்கு வெளியே

கட்டி முடித்த பிறகு கடைசி அளவு எடுக்க மறுபடியும் முதல் பஸ்ஸில் போனேன். அப்போது எனக்கு ராஜபாளையத்தில் வேலை உறுதியாகியிருந்தது. கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் என் ஐடி கார்டைப் பார்த்துத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு குருவி கூட இல்லை. கல் நடைபாதை சுத்தமாக இருந்தது. குமிழியைச் சரிசெய்து முதல் ரீடிங்கை எடுத்தேன். தள்ளிப் போடச் சொல்ல யாரும் இல்லை.

பேச்சியம்மாள் வெளியே மெயின் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். பஸ் திரும்புகிற இடம். சமையல்காரர்கள் அங்கே வண்டியை நிறுத்த முடியாது. கட்டுகள் பிரியாமல் கிடந்தன. அதற்குள் போலீஸ்காரர்கள் இரண்டு தடவை அவரை எழுந்துபோகச் சொல்லியிருக்கிறார்கள்.

பாய் சும்மா இருக்கவில்லை. கேட்டைச் சீக்கிரம் திறந்தால், உள்ளே தனக்கு ஒதுக்கின கடையில் காலையில் பேச்சியம்மாளை உட்கார வைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆபீசில் அவருடைய பழைய கையெழுத்தை எடுத்து அவருக்கே காட்டியிருக்கிறார்கள், வேறு எவரும் தொழில் செய்யவில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று. அதற்குப் பிறகு பாய் என்னிடம் பேசுவதில்லை. எதிரே வந்தால் சலாம் வைப்பார், அவ்வளவுதான்.

நான் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போகப் பார்த்தேன். பேச்சியம்மாள் கூப்பிட்டார்.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு டீக்கடையில வச்சுக் கேட்டேன்லா. அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"தெரியும்."

அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கு நல்லது. இலைக் கட்டின் மேல் தண்ணீர் தெளித்தார்.

"மனுப் போட்டிருந்தா எடம் கெடச்சிருக்குமா?"

"சொல்ல முடியாதும்மா. கெடைக்காமலும் போயிருக்கலாம்."

"கெடைக்காட்டிப் போகுது. அத்தன பேரு முன்னால நின்னு, எனக்கும் இங்க எடம் உண்டுன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பேன்லா. அதக்கூட கேக்க விடாமப் பண்ணிட்டீயளே."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வது? விடிகாலையில் ஒரு தடவை சர்வே எடுங்கள், ஒரு கதவுக்கு எத்தனை பேரோ அத்தனை பெயரையும் எழுதுங்கள். ராஜபாளையத்தில் அப்படித்தான் எடுத்தோம். ஃபார்மில் நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தாயிற்று. மீட்டிங்கில் நவீன் அதைத் தன் யோசனை என்று சொன்னார். சொல்லிக்கொள்ளட்டும்.

ஃபார்மைத் திருத்துவது சுலபம். ஃபார்ம் ஏமாற்றிவிட்டது என்று நான் சொல்லித் திரிந்தால் நீங்களும் நம்புவீர்கள். பேச்சியம்மாளிடம் ஃபார்ம் பேசவில்லை, நான் பேசினேன். ஆட்சேபணை போடலாமா என்று உங்களிடம் ஒருவர் வந்து கேட்டால் போடச் சொல்லுங்கள். பேப்பரும் பேனாவும் கொடுத்து, எழுதத் தெரியாவிட்டால் எழுதியும் கொடுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். பேச்சியம்மாளுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.